அறிவியல், கணக்கு வகுப்பில் பொறியியல்: பயிற்சிக்குக் கிளம்பும் சேலம் ஆசிரியர்களுக்கு

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஒரு தனியார் கல்லூரியில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். அறிவியல், கணக்குப் பாடங்களோடு பொறியியலைச் சேர்த்து நடத்துவது எப்படி என்று சொல்லித் தருவதாக அழைப்பிதழில் இருந்தது. இரண்டு நாளும் குளிர்சாதன அறையில் ஸ்லைடு பார்த்தோம். ஒரு காகிதத்தைக்கூட மடிக்கவில்லை. திரும்பி வந்தால், முன்கூட்டியே அனுமதி வாங்காததால் அந்த இரண்டு நாளும் என் சி.எல். (தற்செயல் விடுப்பு) கணக்கில் போனது. தபாலில் வந்த சான்றிதழில் இனிஷியல் தப்பு, எத்தனை மணி நேரப் பயிற்சி என்பதும் இல்லை. அதை எங்கேயும் காட்ட முடியவில்லை. இப்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது.

அதற்கப்புறம் நான்கு பயிற்சிகளுக்குப் போய்விட்டேன். இரண்டு நல்லவை. எது உருப்படும் எது உருப்படாது என்று இப்போது ஓரளவு தெரிகிறது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியார் பள்ளிக்காரர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. பயிற்சி தேடும் முன் வீட்டில் ஒன்றைக் கட்டிப் பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய செய்தித்தாள், நூல், பசை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே 60 செ.மீ. இடைவெளி விட்டு, அரைக் கிலோ அரிசிப் பையைத் தாங்கும் பாலம் ஒன்று செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும். முதல் தடவை இடிந்து விழும். ஏன் விழுந்தது என்று பார்த்து, தாளைச் சுருட்டிக் குழலாக்கி, சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குழல் வைத்து முக்கோணமாக்கினால் நிற்கும். சதுரம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது என்று கரும்பலகையில் எத்தனையோ முறை சொல்லியிருப்போம். கை அதை உணர்வது வேறு.

பொறியியல் வகுப்பு என்பது இவ்வளவுதான்: ஒரு தேவை, சில கட்டுப்பாடுகள் (காசு, நேரம், பொருள்), ஒரு முன்மாதிரி, அளந்து பார்க்கும் சோதனை, திருத்தி இன்னொரு முறை. ரோபோ வேண்டாம், முப்பரிமாண அச்சு இயந்திரம் வேண்டாம். இதை ஒரு முறை செய்துவிட்டுப் பயிற்சிக்குப் போனால், அங்கே பேசுகிறவர் கையால் செய்தவரா, படித்துவிட்டுப் பேசுகிறவரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. எந்தப் பயிற்சி?

சேலத்தில் இருப்பவர்களுக்கு வழிகள் பல. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

துறை வழியாக வருவது முதல். உத்தமசோழபுரத்தில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், உங்கள் வட்டார வள மையம், அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் எல்லாம் இதில் வரும். செலவில்லை, அனுமதிக்கு அலைய வேண்டாம். ஆனால் தலைப்பு உங்கள் கையில் இல்லை. வருகிற தலைப்பில் பொறியியல் இல்லாவிட்டால், உங்கள் வட்டாரத்தின் ஆசிரியர் பயிற்றுநரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். "அடுத்த குறுவளக் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள், பாலம் ஒன்று செய்து காட்டுகிறேன்" என்று கேட்டேன், கொடுத்தார்கள். பேசுகிற இடத்தில் நின்றால் கற்றுக்கொள்வது அதிகம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 8 வரை எடுப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, பலர் கண்டுகொள்வதில்லை. 2022 நவம்பரில் தொடங்கிய, அறிவியல், கணக்கைச் செய்து காட்டும் தமிழக அரசுத் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர் பள்ளிக்கே பொருட்களோடு வருவார். அவர் வரும் நாளில் "வந்துவிட்டார், ஒரு பீரியடு ஓய்வு" என்று ஆசிரியர் அறைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். எந்தச் சோதனையை அளவீட்டோடு, இரண்டாம் சுற்றோடு மாற்றி நடத்தலாம் என்று கூடப் பேசுங்கள். உங்கள் பள்ளிக்கே வந்து தரும் பயிற்சி இது.

ஆன்லைன் பாடங்களில் மத்திய அரசின் கல்வித் தளமான தீக்‌ஷா இலவசம். அதில் நிஷ்தா (மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டம்) வரிசைப் பாடம் என்றால் கடைசி மதிப்பீட்டில் 70 சதவீதம் எடுத்தால்தான் சான்றிதழ். மத்திய அரசின் இன்னொரு தளமான ஸ்வயத்தில் ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டெல். பாடங்களைப் படிக்கக் காசில்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் கட்டணம், நான் கட்டியபோது 1000 ரூபாய். வீட்டுப்பாட மதிப்பெண் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். தேர்வை நன்றாக எழுதிவிட்டு வீட்டுப்பாடத்தைக் கோட்டை விட்டவர்களை எனக்குத் தெரியும். பணம் போனது போனதுதான்.

பாடத்திட்ட மாதிரிகளுக்கு இரண்டு இலவசத் தளங்கள் போதும்: ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் அமைப்பின் ட்ரை இன்ஜினியரிங், அமெரிக்காவில் போல்டரில் இருக்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டீச் இன்ஜினியரிங். இரண்டும் ஆங்கிலத்தில். அந்த நாட்டு அறிவியல் பாடத்தரங்களுக்காக எழுதியவை. அளவுகள் பல இடங்களில் அங்குலத்திலும் பவுண்டிலும் இருக்கும், பொருட்பட்டியலும் அந்த ஊர்க் கடைக்கானது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிரச்சினையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் செய்யும் பொம்மைகளுக்கு அரவிந்த் குப்தாவின் காணொலிகள் தமிழிலும் உண்டு. சைக்கிள் வால்வு டியூபும் தீக்குச்சியும் வைத்து அவர் செய்யும் வடிவங்களை ஏழாம் வகுப்பு வடிவியலுக்கு அப்படியே பயன்படுத்தலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் இருந்தால் ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சிக் கணக்கு இருக்கிறது. 25 மணி நேரம் வாரியமோ அரசு நிறுவனமோ நடத்துவது, 25 மணி நேரம் பள்ளிக்குள்ளோ பள்ளி வளாகக் குழுவிலோ நடப்பது. பணம் கட்டும் முன், போகப்போகும் பயிற்சி எந்த 25-இல் சேரும் என்று முதல்வரிடம் கேட்டுவிடுங்கள்.

தனியார் கல்லூரியோ நிறுவனமோ நடத்தும் பயிற்சி என்றால், போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் நாங்கள் கையால் செய்வோம்? செய்ததை வகுப்பில் நடத்திய பிறகு மறுபடி கூப்பிட்டுப் பேசுவீர்களா? சான்றிதழில் மணி நேரம் போடுவீர்களா? முதல் கேள்விக்கே "மதியத்துக்கு மேல் ஒரு டெமோ இருக்கும்" என்று பதில் வந்தால் வைத்துவிடலாம்.

3. காகித வேலை

என் சி.எல். போன இடம் இதுதான். வரிசையாகச் சொல்கிறேன்.

அழைப்புக் கடிதம் முதலில் கைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் வண்ணப் படம் கடிதம் ஆகாது. நடத்துகிறவர்களின் முகவரித் தாளில், தேதி, இடம், தொடங்கும் முடியும் நேரம், உங்கள் பெயர், பள்ளியின் பெயர், கையெழுத்து என எல்லாம் இருக்க வேண்டும்.

அதை இணைத்து, பயிற்சியில் கலந்துகொள்ள அனுமதியும் ஓ.டி.யும் (அந்த நாட்களைப் பணி நாளாகக் கணக்கிடுவது) கேட்டு விண்ணப்பம். நேராக மேலே அனுப்பாதீர்கள், "உரிய வழியாக" என்று எழுதித் தலைமை ஆசிரியர் பரிந்துரையோடு போக வேண்டும். நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலகம் வழியாக, உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் வேலை செய்பவர்கள் வேறு துறை, பழங்குடியினர் நலத் துறையின் அலுவலகம்தான் உங்களுக்கு. ஒரு தோழி இது தெரியாமல் தப்பான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருந்தாள். உதவி பெறும் பள்ளியில் செயலர் கையெழுத்து கூடுதலாக வேண்டும்.

கொடுத்த விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். கேட்டால் போட்டுத் தருவார்கள். கேட்காவிட்டால் யாரும் போடமாட்டார்கள்.

அனுமதி வந்த பிறகு, கிளம்பும் நாளுக்கு முன் பணிவிடுவிப்பு. முடிந்ததும் அங்கேயே வருகைச் சான்று. "சான்றிதழ் பிறகு மெயிலில் வரும்" என்பார்கள். வரட்டும், ஆனால் வருகைச் சான்றைக் கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள். அடுத்த நாள் பள்ளியில் ஓ.டி. பதிவுக்கு அதுதான் ஆதாரம்.

பெயர். பதிவுப் படிவத்தில் எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்) இருக்கிறபடியே எழுதுங்கள், இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளி இருக்கிறதா என்பது வரை. தீக்‌ஷாவிலும் இதே சிக்கல்தான். பயிற்சியை மாநிலக் கணக்கில் தொடங்கிவிட்டு, அடுத்த நாள் போனில் ஜிமெயில் கணக்கில் உள்ளே போனால் அது வேறு ஆள். முடித்த பாடம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

4. செலவு

துறைப் பயிற்சிக்குப் பஸ் காசு மட்டும். தனியார் பயிற்சிக் கட்டணத்தைப் பள்ளி தராது, சொந்தக் காசுதான். என் கணக்கு: ஒரு வருடத்தில் ஒன்றுக்கு மேல் காசு கொடுத்துப் போகாதே.

வகுப்பறைப் பொருட்களுக்கும் பணம் அதிகம் வேண்டாம். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் இருப்பவர்கள் விசைத்தறிக் கூடத்தில் காலி நூல் கோன் கேளுங்கள், சாக்குப் பை நிறையத் தருவார்கள். பாலத்துக்குத் தூண், ராக்கெட்டுக்கு மூக்கு, புனலுக்குப் புனல். ஜவுளிக்கடையில் அட்டைப் பெட்டி, சைக்கிள் கடையில் பழைய டியூப். காசு கொடுத்து வாங்க வேண்டியவை பசை, நூல், இரண்டு ஆய்வக வெப்பமானி, ஒரு சமையலறைத் தராசு. வெப்பமானி வாங்கும்போது காய்ச்சல் பார்க்கிறதை வாங்கிவிடாதீர்கள், அது 42 டிகிரியோடு நின்றுவிடும். பாதரசம் வேண்டாம், சிவப்பு ஆல்கஹால் நிரப்பியது போதும்.

எலக்ட்ரானிக் கிட் விற்கிறவர்கள் பயிற்சி மண்டபத்து வாசலிலேயே மேஜை போட்டிருப்பார்கள். அந்த உற்சாகத்தில் நானும் ஒன்று வாங்கினேன். ஒரு கிட், நாற்பது பிள்ளைகள். நான்கு பேர் தொட்டார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

உங்கள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசு நிதியில் அமைந்த செய்முறைக் கூடம்) இருந்தால் அங்கிருக்கும் கருவிகளை முதலில் கணக்கெடுங்கள். லேப் இருந்தும் சாவி யாரிடம் என்று தெரியாத பள்ளிகள் இருக்கின்றன. சாவியோடு இருப்புப் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.

5. எப்போது

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பயிற்சி. காலாண்டுத் தேர்வுக்கு முன் முதல் பாடம் நடத்திப் பார்த்துவிட வேண்டும். பயிற்சிக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே மூன்று வாரம் ஓடிவிட்டால் அப்புறம் நடக்காது, என் அனுபவத்தில் நடந்ததே இல்லை. பத்தாம் வகுப்பு எடுப்பவர்கள் நவம்பருக்கு மேல் இதில் கை வைக்க வேண்டாம், எட்டாம் வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பிள்ளைகளின் யோசனைகளைப் பதிவேற்றும் கெடு பெரும்பாலும் செப்டம்பரை ஒட்டி வரும். தேர்வாகும் பிள்ளைக்கு 10,000 ரூபாய். ஜூலையில் வகுப்பில் செய்ததையே அதற்கு அனுப்பலாம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கீழே நடக்கும் காலை ஒன்பது மணிப் பயிற்சிக்கு ஒத்துக்கொள்ளும் முன் யோசியுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது எல்லோரும் குப்பனூர் வழியாகத்தான் சுற்ற வேண்டியிருந்தது. முடிந்தால் முந்தைய நாளே இறங்கிச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

6. பயிற்சியில் இருக்கும்போது

இரண்டு வேலைதான். ஒன்று, கணக்கு ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து போங்கள். அறிவியல் ஆசிரியர் மட்டும் தனியாகப் போனால் திரும்பி வந்து கணக்கு ஆசிரியரிடம் பீரியடு கடன் கேட்பதிலேயே பாதி வருடம் போய்விடும். இரண்டு, மதிய உணவு இடைவேளையிலேயே உங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து எந்த அலகில், எந்தத் தேதியில் இதை நடத்தப் போகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். மாலையில் பஸ்ஸில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பஸ்ஸில் தூக்கம்தான் வரும்.

7. முதல் பாடம்

நான் எடுத்தது எட்டாம் வகுப்பு வெப்பம் அலகு. பிரச்சினை எங்கள் ஊருடையது: காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களின் தேநீர் அரை மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. ஃப்ளாஸ்க் இல்லாமல் சூடு காக்கும் உறை செய்ய வேண்டும். ஒரே அளவு எவர்சில்வர் டம்ளர், 200 மி.லி. வெந்நீர், 70 டிகிரியில் தொடக்கம், 30 நிமிடம். வெந்நீரை ஊற்றுவது ஆசிரியர் மட்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை.

கரும்பலகையில் ஒரு விலைப்பட்டியல் எழுதினேன், பொய்க் காசுதான். செய்தித்தாள் ஒரு தாள் 1 ரூபாய், காய்ந்த சில்வர் ஓக் இலை ஒரு கை 1 ரூபாய், பழைய துணி 5, தெர்மாகோல் துண்டு 10. ஒரு குழுவுக்கு 20 ரூபாய்க்கு மேல் கிடையாது. இந்தப் பட்டியல் இல்லாமல் முதல் வருடம் நடத்தியபோது எல்லாக் குழுவும் எல்லாப் பொருளையும் அள்ளிச் சுற்றினார்கள். வகுப்பு கைவேலை வகுப்பாகிவிட்டது. காசைக் கட்டிய பிறகுதான் பேச்சே மாறியது: "துணி வேணாம்டா, அஞ்சு ரூபா, தாளே போதும்."

அன்று அறை வெப்பம் 20 டிகிரி. உறையில்லாத டம்ளர் அரை மணி நேரத்தில் 46-க்கு வந்தது. தெர்மாகோல் குழு 55, ஆனால் 20 ரூபாயும் காலி. இலையும் தாளும் சுற்றிய குழு 53, செலவு 4 ரூபாய். நடந்தது அறுவடைக் காலம். ஒரு குழு இலவசமாகக் கிடைக்கிறதே என்று பழம் பிரித்த ஈரமான காப்பித் தோலை வைத்துக் கட்டியிருந்தது. அவர்களுடையது 44. உறையே இல்லாத டம்ளரைவிட இரண்டு டிகிரி குறைவு. அந்தக் குழுவில் ஒருத்தி டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், இது மண்பானை மாதிரி ஆயிடுச்சு." ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது என்று நான் விளக்க எழுந்தேன். அவள் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, உட்கார்ந்துவிட்டேன்.

கணக்கு ஆசிரியர் அடுத்த பீரியடில் இதையே எடுத்துக்கொண்டார். ஒரு டிகிரியைக் காப்பாற்ற எவ்வளவு காசு? தெர்மாகோல் குழு 9 டிகிரிக்கு 20 ரூபாய், டிகிரிக்கு இரண்டே கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இலைக் குழு 7 டிகிரிக்கு 4 ரூபாய், டிகிரிக்கு அறுபது பைசாகூட இல்லை. யார் ஜெயித்தது என்று சண்டை வந்தது. சரியான சண்டை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்த அளவை வரைபடமாக்கியபோது கோடு நேராக இறங்காமல் வளைந்து இறங்குவதையும் பார்த்தார்கள்.

எச்சரிக்கை ஒன்றுதான், ஆனால் பெரியது: இரண்டாம் சுற்றை விடாதீர்கள். முதல் வருடம் மணி அடித்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன். திருத்திச் செய்யும் அந்த இரண்டாவது முறையில்தான் பாடமே இருக்கிறது. இதற்காக அடுத்தடுத்த இரண்டு பீரியடு வீதம் இரண்டு நாள் வேண்டும். எச்.எம். ஒத்துக்கொள்ள, பாடக்குறிப்பேட்டில் "வெப்பம் அலகு, செயல்பாடு" என்று எழுதி, அதே அலகின் புத்தகப் பின்பக்கக் கேள்விகளில் எவை இதில் முடிந்தன என்று பக்கத்தில் குறித்துக் காட்டுங்கள். "பாடம் முடிப்பது எப்போது" என்ற கேள்விக்கு அந்தக் குறிப்புதான் பதில். இரண்டாம் சுற்றில் காப்பித் தோல் குழு அதே தோலை மூன்று நாள் வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தது. 52 வந்தது.

8. கோப்பு

பயிற்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே அழைப்புக் கடிதம், முத்திரை வாங்கிய விண்ணப்ப நகல், அனுமதி, பணிவிடுவிப்பு, வருகைச் சான்று, சான்றிதழ், அதோடு நடத்திய வகுப்பின் ஒரு பக்கக் குறிப்பும் பிள்ளைகள் எழுதிய அளவீட்டுத் தாள் இரண்டும். பார்வைக்கு வரும் அதிகாரி சான்றிதழைப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார். அளவீட்டுத் தாளைத்தான் நின்று படிப்பார். பணிப்பதிவேட்டில் பதிய வேண்டிய பயிற்சி என்றால் மூலச் சான்றிதழைக் கொடுக்காமல் நகலைக் கொடுங்கள், பதிந்ததா என்று அந்த மாதக் கடைசியில் ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் போனால் எழுத்தர் கொஞ்சம் நிதானமாக இருப்பார்.

மலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் பஸ் நேரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.